தோப்பில் மரம் கலைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கயம், தாராபுரம், பல்லடம் பக்கம் கிணற்றில் தண்ணீர் குறைந்த தோட்டங்களும், பண்ணயம் பார்க்க ஆள் கிடைக்காத மேட்டுக்காடுகளும் மெல்ல மெல்ல மரத்தோப்பாக மாறிக்கொண்டிருக்கின்றன. தேக்கு, மலைவேம்பு, குமிழ், மகோகனி, சந்தனம் என்று ஓர் ஏக்கரிலும் இரண்டு ஏக்கரிலும் நெருக்க நெருக்கமாக வைத்திருக்கிறார்கள். நடுவதற்கு வழி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நட்டு ஆறேழு வருடம் கழித்து என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் குறைவு. சந்தையிலும் கல்யாண வீட்டிலும் நாற்றுப்பண்ணை வாசலிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை, கேட்டவர்கள் பேசிய மாதிரியே இங்கே வைத்திருக்கிறேன்.

1. மரம் கலைக்கறதுன்னா என்னங்க? கிளை கழிக்கறதுதானுங்களே?

இல்லை. கிளை கழிக்கும்போது மரம் நிற்கும், பக்கக் கிளை மட்டும் போகும். கலைக்கும்போது மரமே அடியோடு போகும். கம்பு விதைத்துக் கொஞ்ச நாளில், நெருக்கமாக முளைத்த பயிரில் சிலதைப் பிடுங்கிவிட்டு மிச்சத்துக்கு இடம் விடுகிறோம் இல்லையா, அதே வேலைதான். பயிரில் அது சில வாரத்தில் முடியும். மரத்தில் பத்து இருபது வருடத்துக்குள் இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும்.

2. நல்லா இருக்கற மரத்தை எதுக்குங்க வெட்டோணும்? அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே.

தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி நம்முடையது. சமவெளியில் பல ஊர்களில் வருடத்துக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் மழைதான். 650 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஓர் ஏக்கரில் விழுவது சுமார் 26 லட்சம் லிட்டர். அதில் ஓடிப்போனது, ஆவியானது எதையும் கழிக்காமல் பார்த்தாலும், ஆயிரம் மரம் நின்றால் மரத்துக்கு ஒரு நாளைக்கு 7 லிட்டர் வரும். நானூறு மரம் என்றால் 18 லிட்டர். எத்தனை மரம் நின்றாலும் மழை அதேதான்.

பங்கு குறைந்தால் மரம் உடனே சாகாது. வெளிச்சத்தைத் தேடி மேலே மேலே போகும், தண்டு பருக்காது. அப்புறம் ஒரு வறட்சி வரும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவாகப் பெய்தது. அடுத்த கோடையில் தண்ணீர் இல்லாத தென்னந்தோப்புகள் காய்ந்து நின்றதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வருடத்தில் நெருக்கமான தோப்பில் எல்லா மரமும் சேர்ந்து நலிகிறது. நலிந்த மரத்தைத்தான் தண்டு துளைக்கும் வண்டு தேடி வருகிறது. நாம் கலைக்காவிட்டாலும் தோப்பு தானாகவே மரத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்குள் பிழைத்த மரங்களின் நல்ல வளர்ச்சி வருடங்களும் வீணாகிவிடும்.

3. என்ற தோப்பு நெருக்கமா இருக்குன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?

நடுப்பகலில் உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். வானம் துண்டு துண்டாகக்கூடத் தெரியாமல் கொப்போடு கொப்பு கோத்திருந்தால் நேரம் வந்துவிட்டது. அடுத்து, பச்சை இலை எந்த உயரத்தில் ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். மரத்தின் மொத்த உயரத்தில் மேலே மூன்றில் ஒரு பங்காவது பச்சைக் கிளை இருக்க வேண்டும். அதற்கும் குறைந்து, நுனியில் மட்டும் குடுமி மாதிரி இலை நின்றால் கொஞ்சம் தாமதித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மூன்றாவதாக டேப்பை எடுங்கள். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் மரத்தின் சுற்றளவை அளக்க வேண்டும். உயரம் சுற்றளவைப் போல முப்பது மடங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 30 அடி மரத்துக்குச் சுற்றளவு ஓரடிகூட இல்லையென்றால் அது காற்றுக்கு நிற்காத ஒல்லி மரம். இருபது முப்பது மரத்தில் அளந்த இடத்தில் பெயின்ட் கோடு போட்டு, வருடா வருடம் ஒரே மாதத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். இந்த நோட்டைவிட நல்ல ஆலோசகர் உங்கள் தோப்புக்குக் கிடைக்க மாட்டார்.

4. எத்தனாவது வருசத்துல கலைக்கோணுமுங்க?

வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள், உயரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். ஆறரை அடிக்கு ஆறரை அடி, அதாவது இரண்டு மீட்டர் இடைவெளியில் வைத்த தேக்கில், மரம் 25 முதல் 30 அடி வந்ததும் முதல் கலைப்பு. வாய்க்கால் பாயும் கோபி, பவானி பக்கத்து வண்டலில் ஐந்து ஆறு வருடத்தில் அந்த உயரம் வந்துவிடும். மானாவாரிச் செம்மண்ணில் இன்னும் சில வருடம் பிடிக்கும். இரண்டாவது கலைப்பு கொப்புகள் மறுபடி முட்டும்போது.

மலைவேம்பை 10 அல்லது 12 அடி இடைவெளியில் வைத்துப் பிளைவுட்டுக்காக ஆறேழு வருடத்தில் மொத்தமாக வெட்டுவதாக இருந்தால் கலைக்கத் தேவையில்லை. அதையே பெரிய மரமாக்க நினைத்தால் தேவை. காகித ஆலைக்கென்று வைத்த சவுக்குக்கும் தேவையில்லை, அது பயிர் மாதிரி ஒரே அறுவடை.

5. எத்தனை மரம் எடுக்கறதுங்க? பாதியை எடுத்தா தோப்பே மொட்டையாயிருமே?

மேலே சொன்ன இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் ஆயிரம் தேக்கு நிற்கும். வழக்கமான முறையில், மூலைவாக்கில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை எடுப்பார்கள். மீதி ஐந்நூறு, மரத்துக்கு மரம் சுமார் 9 அடி. அடுத்த தடவை மறுபடி பாதி. மீதி இருநூற்றைம்பது, இடைவெளி 13 அடி. கடைசியில் வீட்டு நிலைக்கும் கதவுக்கும் போகிற மரங்கள் அந்த இருநூற்றைம்பதில் இருந்துதான் வரும்.

இந்தக் கணக்கு சரி, ஆனால் நம் ஊர்க் காற்றுக்கு ஒரே மூச்சில் பாதியை எடுப்பது எனக்குச் சம்மதமில்லை. ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், இரண்டு வருடம் விட்டு அடுத்ததைச் செய்யுங்கள். அதுவும் தாமதமாகிப் போன ஒல்லித் தோப்பு என்றால் நாலில் ஒரு பங்கோடு ஆரம்பிப்பதே பத்திரம். முதல் மாதம் பார்க்கக் கண்ணுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்குள் கொப்பு விரிந்து இடைவெளி மூடிவிடும்.

6. எதை வெட்டறது, எதை உடறது? அதுதானுங்க புரியமாட்டேங்குது.

எல்லோரும் வெட்ட வேண்டிய மரத்தைத் தேடிப் போகிறார்கள். அதனால்தான் குழப்பம். முதலில் நிற்க வேண்டிய மரத்தைத் தேடுங்கள். தண்டு நேராக, ஒரே தலையாக, பட்டையில் காயமில்லாமல், கொப்பு நாலு பக்கமும் சமமாக விரிந்த மரங்கள். ஏக்கருக்கு நூறு, நூற்றைம்பது கிடைத்தாலே பெரிய விஷயம். அவற்றுக்கு வெள்ளைப் பெயின்டில் ஒரு வளையம் போடுங்கள். அவைதான் உங்கள் தோப்பு. மற்றதெல்லாம் அவற்றுக்குத் துணை.

அடுத்து, ஒவ்வொரு வெள்ளை வளைய மரத்தின் கீழேயும் நின்று, இதன் கொப்பை இடிக்கிற மரம் எது என்று பாருங்கள். அந்த ஒன்று அல்லது இரண்டுக்குச் சிவப்பு. இடிக்கிற மரம் பெரிதாகவும் கோணலாகவும் இருந்தால் தயங்காமல் அதுதான் முதலில் போக வேண்டும். அப்புறம் கவை பிரிந்தது, நுனி காய்ந்தது, துளை விழுந்து மரத்தூள் கொட்டுவது, பட்டை வெடித்து நீர் வடிவது இவற்றை எடுங்கள்.

கீழே நோஞ்சானாக நிற்கும் குட்டை மரங்களை மட்டும் வெட்டிவிட்டுக் கலைத்தாயிற்று என்று நினைப்பவர்கள் நிறைய. அது ஏற்கெனவே தோற்றுப்போன மரம். அதை எடுப்பதால் மேலே வெளிச்சம் அதிகமாகாது, நல்ல மரத்துக்குப் பெரிய லாபமும் இல்லை. நோயில்லாமல் இருந்தால் அது நிழல் போட்டுத் தரையைக் காக்கட்டும், விட்டுவிடுங்கள். இன்னொன்று: நடுவே வேம்பு, வாகை, புங்கன் என்று தானாக வந்த மரங்கள் இருந்தால் வேற்று மரம் என்று ஒதுக்காதீர்கள். ஒரே ஜாதி மரமாக நிற்கும் தோப்பில் பூச்சி ஒரு மூலையில் இறங்கினால் மறு மூலை வரை போகும்.

7. வியாபாரியே வந்து பாத்து வேண்டியதை எடுத்துக்கறேங்கறாருங்க. உட்டறலாமுங்களா?

வேண்டாம். அவர் கேட்பது பருத்த, நேரான மரத்தை. அவருக்கு அதுதான் காசு. அதை எடுத்துக்கொண்டு கோணலையும் நோஞ்சானையும் விட்டுப் போனால் உங்கள் தோப்பின் வித்தே போன மாதிரி. அன்றைக்குக் கையில் பணம் கூடுதலாக வரும், அடுத்த பதினைந்து வருடம் விறகு மரத்தைக் காவல் காப்பீர்கள். பெயின்ட் நீங்கள் அடியுங்கள், சிவப்பை மட்டும் வெட்டுவதாகப் பேசி முடியுங்கள், வெட்டும் நாளில் வீட்டு ஆள் ஒருவர் கூடவே நிற்கட்டும். வெள்ளை வளைய மரத்தில் காயம் பட்டால் இவ்வளவு பிடித்தம் என்று முன்னாலேயே பேசிவிடுவதும் நல்லது.

8. எந்த மாசம் வெட்டறதுங்க?

கார்த்திகையில் இலை இருக்கும்போதே பெயின்ட் அடித்து முடித்துவிடுங்கள். இலை உதிர்ந்த பிறகு எந்த மரம் எதை இடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வெட்டு தை, மாசியில். தேக்கு இலை கொட்டி நிற்கும், மரம் விழும்போது அக்கம்பக்கத்தில் சேதம் குறைவு, மண்ணும் இறுகியிருப்பதால் வண்டிச் சக்கரம் வேரை நசுக்காது. சித்திரை வெயில் மண்டும் சமயத்தில் திறக்காதீர்கள். நிழலிலேயே வளர்ந்த மெல்லிய பட்டை மேற்கு வெயிலில் வெடிக்கும், அந்த வெடிப்பு வழியாகப் பூசணமும் புழுவும் இறங்கும். மழை ஊறிய ஐப்பசியிலும் வேண்டாம்.

9. ஆடிக்காத்துல மிச்ச மரமெல்லாம் சாஞ்சிருமுங்களா?

நியாயமான பயம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி முதல் ஆவணி வரை அடிக்கிற காற்று சாதாரணமில்லை. உடுமலையிலும் பல்லடத்திலும் தாராபுரத்திலும் அத்தனை காற்றாலை நிற்பது அதனால்தானே. நெருக்கத்தில் வளர்ந்த மரம் பக்கத்து மரத்தின் மேல் சாய்ந்தே பழகியிருக்கும். திடீரென்று தனியாக விட்டால் தாங்காது. 5-ல் சொன்ன மூன்றில் ஒரு பங்கு வரம்பு இதற்காகத்தான்.

அதோடு மேற்கு, தென்மேற்கு ஓரத்தில் இரண்டு மூன்று வரிசையைத் தொடவே தொடாதீர்கள். அது தோப்புக்கு மதில். அங்கே கீழ்க்கிளையையும் கழிக்க வேண்டாம். வேலி ஓரத்தில் கிளுவையும் பூவரசும் இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே கலைக்கும்போது கிழக்கு ஓரத்திலிருந்து ஆரம்பித்து வருடா வருடம் மேற்கே நகருங்கள். 3-ல் சொன்ன முப்பது மடங்குக் கணக்கில் மிகவும் பின்தங்கிய மரமென்றால் அதை ஒற்றையாக விடாமல் இரண்டு மூன்றாகக் கூட்டமாக விடுங்கள்.

10. வெட்டுன கட்டையில மறுக்கா தழையுதுங்களே, என்ன பண்றது?

தேக்கு, வேம்பு, மலைவேம்பு மூன்றும் தழையும். சவுக்கு அவ்வளவாகத் தழையாது. தழைத்தால் மூன்று வழி. மேலே நிழல் நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள், துளிர் தானே நலிந்து போகும். ஆடு வைத்திருந்தால் வேம்புத் துளிரை அதற்கு வெட்டிப் போடலாம். எங்காவது பெரிய இடைவெளி விழுந்திருந்தால் கட்டையில் உறுதியான ஒரு துளிரை மட்டும் விட்டு மற்றதை ஒடித்துவிடுங்கள். பழைய வேரின் பலத்தில் அது புது நாற்றைவிட வேகமாக வரும். இதற்காகவே வெட்டும்போது தரையை ஒட்டி, பட்டை கிழியாமல் அறுக்கச் சொல்லுங்கள். கட்டைக்கு மருந்து அடிப்பது நம் அளவுத் தோப்புக்குத் தேவையில்லாத செலவு.

11. எலையும் கொப்பும் குமிஞ்சு கெடக்குது. தீ வெச்சரலாமுங்களா?

வைக்காதீர்கள். மாசி, பங்குனியில் தேக்குச் சருகு பிடித்தால் நிற்காது. தரையில் ஓடும் தீ பட்டையைச் சுட்டு, வெளியே தெரியாமல் அடிமரத்தைக் கெடுத்துவிடும். கொப்பைக் கை நீளத்துக்கு வெட்டிப் பரப்பிவிடுங்கள். தரையோடு ஒட்டிக் கிடந்தால் இரண்டு மழையில் மக்க ஆரம்பிக்கும், மண்ணில் ஈரமும் நிற்கும். கரையான் வருமே என்று கேட்பார்கள். வரட்டும், அது தின்பது பெரும்பாலும் செத்த மரத்தை. வேலி ஓரத்தில் மட்டும் பத்தடி அகலத்துக்குச் சருகைக் கூட்டிச் சுத்தமாக வைத்தால் ரோட்டில் யாராவது பீடி வீசினாலும் தீ உள்ளே வராது.

12. கலைச்ச மரம் காசாகுமுங்களா?

முதல் கலைப்பில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். இளம் தேக்கில் வெளுத்த வெளிமரம்தான் அதிகம், வைரம் பாய்ந்த நடுமரம் குறைவு. பந்தல் காய்கறிக்குக் கால், தக்காளிக்குக் குச்சி, கட்டடச் சாரத்துக்குக் கழி, பாய்லர் வைத்திருக்கும் ஆலைகளுக்கு விறகு என்று போகும். வெட்டுக்கூலியும் வண்டி வாடகையும் கழிந்தால் திருப்தி. உங்கள் தோட்டத்திலேயே பந்தல் போடுகிறீர்கள் என்றால் விற்பதைவிட அதற்கு வைத்துக்கொள்வது லாபம். இரண்டாவது கலைப்பில்தான் உருப்படியான மரம் கிடைக்கும்.

13. சொந்தப் பட்டாவுல வெட்டறதுக்கும் பர்மிட் வேணுமுங்களா?

மரத்தையும் இடத்தையும் பொறுத்தது. சந்தனம் உங்கள் பட்டாவிலேயே நின்றாலும் நீங்களாக வெட்டக்கூடாது, வனத்துறைக்கு எழுதிக் கொடுத்து அவர்கள் மூலமாகத்தான். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட நிலங்களுக்கு 1949-ஆம் ஆண்டுச் சட்டமும், அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளுக்கு 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. அங்கே எந்த மரத்தையும் கேட்காமல் தொட வேண்டாம்.

சமவெளிப் பட்டாவில் தேக்கு, மற்ற மரங்களுக்கும் வெட்டும் முன் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, மரம் உங்கள் நிலத்தில் நிற்பதற்குச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியில் ஏற்ற அனுமதிச் சீட்டு வேண்டிய மரமா என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். நட்ட வருடமே கிராமக் கணக்கான அடங்கலில் மரத்தைப் பதிந்து வைத்தவர்களுக்கு இந்த வேலை எல்லாம் சுலபம்.

14. சந்தனத்துக்கு நெழல் அதிகமாகுதுன்னு சுத்தி இருக்கறதை எல்லாம் வெட்டலாமுங்களா?

இங்கேதான் நிதானம் வேண்டும். சந்தனம் பாதி ஒட்டுண்ணி. அதன் வேர் பக்கத்து மரங்களின் வேரில் ஒட்டிக்கொண்டு தண்ணீரும் சத்தும் உறிஞ்சித்தான் வாழ்கிறது. சுற்றியுள்ள சவுக்கு, வேம்பு, புங்கன், கருவேலம் எல்லாம் அதற்குச் சோறு போடுகிற மரங்கள். 6-ல் சொன்னபடி இடிக்கிற மரத்தை எடுத்தால் சந்தனம் சில மாதத்தில் வெளுத்துக் காயத் தொடங்கலாம்.

அதனால் துணை மரத்தை வெட்டாமல் உச்சிக் கிளையை மட்டும் கழித்து வெளிச்சம் கொடுங்கள். இரண்டு துணை மரம் மிக நெருக்கமாக இருந்தால் ஒன்றை எடுக்கலாம், அதற்கு முந்தின வருடமே இன்னொரு பக்கம் புது மரம் ஒன்று வேர் பிடித்திருக்க வேண்டும்.

15. எங்க கொறங்காட்டுல வெள்வேலான் தானா மொளைச்சு அடைஞ்சு போச்சுங்க. அதுக்கும் இதே கணக்கா?

கணக்கு வேறு. கொறங்காடு என்பது மேய்ச்சலுக்கு விட்ட மானாவாரி நிலம். அதில் உங்களுக்கு வேண்டியது மரமல்ல, மரத்தின் கீழே கொழுக்கட்டைப் புல். அங்கே கொப்புகள் ஒன்றையொன்று தொடவே கூடாது. இரண்டு மரத்துக்கு நடுவே குறைந்தது ஒரு கொப்பு அகலம் வெயில் விழட்டும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் நெற்று நிறையக் கொடுக்கிற மரம் எது என்று மேய்க்கிறவர்களைக் கேட்டு, அதை விட்டு மற்றதைக் கலையுங்கள். சீமைக் கருவேலம் இருந்தால் அதில் கலைப்பு என்ற பேச்சே இல்லை, வேரோடு பிடுங்க வேண்டும். வெட்டினால் முன்னைவிட அடர்த்தியாகத் தழையும்.

16. பட்ட மரம், பொந்து மரம் எல்லாத்தையும் எடுத்தரலாமில்லீங்?

பூச்சி பிடித்துச் சாகிற மரத்தை எடுங்கள். செத்துக் காய்ந்து பொந்து விழுந்த பழைய மரத்தில் ஏக்கருக்கு ஒன்றிரண்டையாவது விடுங்கள். பாதைக்கும் மின்கம்பிக்கும் தள்ளி நின்றால் போதும். பொந்தில் ஆந்தை குடியிருந்தால் தோட்டத்து எலியை அது பார்த்துக்கொள்ளும். மரங்கொத்தி துளைப்புழுவைத் தேடித் தின்னும். கூடு இருக்கிற மரத்துக்குச் சிவப்பு அடித்திருந்தால் குஞ்சு பறக்கும் வரை பொறுங்கள். மரத்தோப்பு என்பது மரம் மட்டுமல்ல என்று நான் நம்புகிறேன்.

17. வெட்டுன மரம் பக்கத்து மரத்துல மாட்டிக்கிச்சு. ஏறி வெட்டி உடலாமுங்களா?

ஒருக்காலும் ஏறாதீர்கள், கீழேயும் நிற்காதீர்கள். தாங்கி நிற்கிற மரத்தை வெட்டுவதும் உயிருக்கு ஆபத்து. அடிப்பக்கத்தில் கயிறு கட்டி, தூர நின்று டிராக்டரால் மெல்லப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அதுவரை அந்த இடத்துக்கு யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது நடக்காமல் இருக்க, சாய வேண்டிய பக்கம் முதலில் தண்டில் நாலில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வெட்டி எடுத்து, எதிர்ப்பக்கம் அதைவிடக் கொஞ்சம் மேலே அறுக்க வேண்டும். இரண்டு வெட்டுக்கும் நடுவில் சிறு கீற்று மரத்தை அறுக்காமல் விட்டால் அதுவே கீல் போல மரத்தைத் திருப்பிப் படுக்க வைக்கும். மின்கம்பி பக்கம் என்றால் மின்வாரியத்தில் சொல்லிக் கரண்ட்டை நிறுத்திய பிறகுதான் கை வைக்க வேண்டும்.

18. எங்கப்பாரு வெச்ச மரமுங்க. அம்மா ஒண்ணைக்கூடத் தொடக்கூடாதுங்கறாங்க.

அம்மாவையே தோப்புக்குக் கூட்டிப்போய் வெள்ளை வளையத்தை அவர் கையால் போடச் சொல்லுங்கள். அப்பாரு நின்று பார்த்த மரம், சாமி கும்பிடுகிற மரம் எதுவென்று அவருக்குத்தான் தெரியும். அவை கோணலாக இருந்தாலும் நிற்கட்டும். நிற்பவற்றை முதலில் முடிவு செய்துவிட்டால் வீட்டில் பேச்சு சுலபமாகிவிடுகிறது.

19. கலைச்சு ரெண்டு வருசமாச்சுங்க. சுத்து ஏறவே மாட்டேங்குது. ஏனுங்க?

முதலில் அளவைச் சரிபாருங்கள், நாலரை அடியில் அதே கோட்டில்தான் அளந்தீர்களா என்று. ஒரு வருடம் மழை பொய்த்திருந்தாலும் ஏறாது. ரொம்பத் தாமதமாகக் கலைத்த மரம் முதலில் கொப்பையும் வேரையும் விரித்துவிட்டுத்தான் தண்டைப் பருக்க வைக்கும். அப்படியென்றால் மேலே கொப்பு அகன்றிருப்பது கண்ணுக்குத் தெரியும், பொறுத்திருக்கலாம். கொப்பும் அகலவில்லை, அடிமரத்தில் மட்டும் திடீர் துளிர்கள் முளைக்கின்றன என்றால் மரம் சிரமப்படுகிறது. அந்தப் பகுதியில் அடுத்த கலைப்பைத் தள்ளிப்போடுங்கள்.

இது எதுவும் இல்லையென்றால் கடப்பாரையை எடுத்து மூன்றடிக் குழி தோண்டிப் பாருங்கள். நம் பக்கம் பல இடங்களில் இரண்டடி செம்மண்ணுக்குக் கீழே சுக்கான் பாறை, அதாவது இறுகிய சுண்ணாம்புக் கல். தேக்கு வேர் அதைத் துளைத்துப் போகாது, எத்தனை கலைத்தாலும் அங்கே பெரிய தேக்கு வராது. அப்படிப்பட்ட மூலையில் தேக்கை விறகு அளவில் முடித்துக்கொண்டு வேம்புக்கும் வெள்வேலானுக்கும் இடம் விடுங்கள். குழி மண்ணையும், இலை வெளுத்திருந்தால் ஒரு கொத்து இலையையும் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரிக்கோ, கோவையில் இருக்கும் வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனத்துக்கோ எடுத்துப் போய்க் காட்டலாம். போகும்போது சுற்றளவு நோட்டையும் மறக்காமல் கொண்டுபோங்கள், அங்கே முதலில் கேட்கப்போவது அதைத்தான்.